கோரைக்குள் ஒன்றுமில்லை

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகாமல் கோரைக்குள் போகிறவள் என்று எதில்மாவுக்கு ஊரில் பேர். பரிசுத்த ஆவி புறா வடிவத்தில்தான் இறங்கினார், நாமக்கோழி வடிவத்தில் இறங்கவில்லை என்று பாதிரியார் ஒருமுறை பிரசங்கத்தில் சொல்ல, கோயிலில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்களாம். அது காதில் விழுந்தபோது எதில்மாவும் சிரித்தாள். "சாமியாருக்கு நாமக்கோழின்னு பேராவது தெரியுதே, பரவாயில்ல" என்றாள்.

அவளுக்கு நாற்பத்தாறு வயது. கல்யாணம் ஆகவில்லை. தம்பி எலியேசரின் வீட்டில் இருந்தாள். வாரத்தில் ஆறு நாள் ஏரிக்கரைக் கொட்டகையில் தாள் வெங்காயம் உரிப்பாள். வயலிலிருந்து சேறும் கோழி எருவுமாக வந்து விழும் வெங்காயத்தை ஒவ்வொன்றாக எடுத்து, வாடின தாளைக் கிழித்து, வேரை நறுக்கி, ஐஸ் மாதிரி இருக்கும் ஏரித் தண்ணீரில் அலசி, வெள்ளையாகக் கட்டி அடுக்க வேண்டும். சாயங்காலம் பொகொத்தாவுக்கு லாரி கிளம்புவதற்குள் கட்டு முடிய வேண்டும். குவாசிக்கா ஏரியைச் சுற்றி இருக்கும் ஏழு ஊருக்கும் வெங்காயம்தான் சோறு. பொம்பளைகளின் விரல் நுனி பச்சை பாய்ந்து வெடித்திருப்பதைப் பார்த்தே இந்த ஏரிக்காரி என்று சோகமோசோ சந்தையில் சொல்லிவிடுவார்கள்.

உரித்துக்கொண்டே இருந்ததில்தான் அவளுக்குக் காது பழகிற்று. கண்ணும் கையும் வெங்காயத்தில் இருக்கும், காது சும்மாதானே இருக்கிறது. கொட்டகைக்குப் பின்னால் கோரை. அதற்குள்ளிருந்து வருகிற ஒவ்வொரு சத்தத்துக்கும் சொந்தக்காரன் யார் என்று தேடிப் போகத் தொடங்கியவள், சந்தையில் பழைய பைனாகுலர் ஒன்றை வாங்கினாள். இடது கண்ணாடியில் பூஞ்சை. வலது கண் நன்றாகத் தெரியும்.

அவளோடு ஞாயிறு தோறும் நடக்க இரண்டு பேர் சேர்ந்தார்கள். ஒருவன் வில்மர், பால் வண்டிக்காரன். முப்பது வயசிருக்கும், வாய் ஓயாது. இன்னொருத்தி மருந்துக்கடை அமிந்தா, டாக்டர் நடக்கச் சொன்னதால் வந்து ஒட்டிக்கொண்டவள். சிற்றாலயத்தில் தொடங்கி, கரையோடு நடந்து, கல் சிலுவை தாண்டி, வாய்க்கால் முகத்தில் மேலே திரும்பி, தைலமரத் தோப்பைக் கடந்து, பாசி தொங்கும் பழைய காட்டுக்குள் ஏறி இறங்கினால் நாலு மணி நேரம். எதில்மா சொல்லுவாள். வில்மர் நோட்டில் எழுதுவான்.

"முக்குளிப்பான் ரெண்டு. நாமக்கோழி... போடு நாப்பது. ஏய், அந்தத் தைலமரத்துல ரீங்காரச்சிட்டு ஒண்ணு, வால் நீளம்."

"எனக்கு மரமே தெரியல, பனி. உனக்கு எப்படிக்கா வால் தெரியுது?"

"றெக்கைச் சத்தம் கேக்கலையா?"

"எனக்கு அமிந்தாக்கா மூச்சு வாங்குற சத்தந்தான் கேக்குது."

"எலே, ஒனக்கு இருமல் மருந்து வேணும்னு எங்கிட்டத்தான வருவ, வா" என்பாள் அமிந்தா.

அந்த நோட்டு ஐந்து வருஷத்தில் மூன்று நோட்டானது. மாதம் ஒருமுறை வில்மர் அதைச் சூழல் அலுவலகத்துக்குக் கொண்டுபோய்க் காட்டுவான். அவர்களுக்கு வேண்டியது முக்கியமாக ஒரே ஒரு பறவை. கரப்பான்பிடிச்சி. வீட்டுச் சுவர் இடுக்கில் கூடு கட்டும் கரப்பான்பிடிச்சி எல்லா ஊரிலும் உண்டு. இது அதன் பங்காளி, கோரைக் கரப்பான்பிடிச்சி. உள்ளங்கைக்குள் அடங்கும், பழுப்பு நிறம், பார்க்க ஒன்றுமில்லை. இந்த மலை ஏரிகளின் கோரையை விட்டால் உலகத்தில் வேறெங்கும் கிடையாது. குவாசிக்காவில் மொத்தமே முப்பது இருக்கலாம். அதில் மூன்று ஜோடி, கல் சிலுவைக்கும் வாய்க்கால் முகத்துக்கும் நடுவே, எலியேசரின் கீழ்வயலை ஒட்டிய கோரையில் இருந்தன.

அந்தக் கீழ்வயலுக்குப் பத்திரம் கிடையாது. ஏரி வற்றின ஒரு வருஷம் அப்பா உழுது போட்டது. எல்லாரும் அப்படித்தான் போட்டார்கள்.

அந்த வருஷம் ஜனவரியில் பனி ஐந்து நாள் விடாமல் எரித்தது. காலையில் எழுந்து பார்த்தால் மேல்வயல் வெங்காயம் முழுக்க வெந்த கீரை மாதிரி சாய்ந்து கிடந்தது. எலியேசர் வரப்பில் ருவானாக் கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு மத்தியானம் வரை உட்கார்ந்திருந்தான். வீட்டில் அவன் பெண்டாட்டி நுபியா ஐந்து மாதம். முன்னே இரண்டு கலைந்துவிட்டன. படுக்கையை விட்டு எழுந்திருக்கவே கூடாது என்று சோகமோசோ டாக்டரம்மா சொல்லியிருந்தாள். அதனால் அவள் உரிக்கிற கூலியும் இல்லை.

பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை, கொட்டகையில் உரித்துக்கொண்டிருந்த எதில்மாவுக்குப் புகை வாசம் வந்தது. காய்ந்த கோரை எரிகிற வாசம். கத்தியைப் போட்டுவிட்டு ஓடினாள்.

எலியேசர் கோரையை அரிவாளால் அறுத்துக் குவித்து, கரையோடு நெருப்பு வைத்திருந்தான். நாற்பது அடி அகலத்துக்குத் தரை கறுத்துக் கிடந்தது. அவள் கரிக்குள் இறங்கி, முழங்கால் சேற்றில் தேடி, எரியாமல் நின்ற ஒரு தட்டையில் பந்து மாதிரி இருந்த கூட்டை எடுத்தாள். ஒரு பக்கம் தீய்ந்திருந்தது. விரலை உள்ளே விட்டாள். மூன்று முட்டை, சூடாக இருந்தன. தாயின் சூடு இல்லை, நெருப்பின் சூடு.

"என்னடா பண்ணி வச்சிருக்க?"

"பாத்தா தெரியல? வயல் பண்றேன்."

"இதுக்குள்ள என்ன இருந்துச்சுன்னு உனக்குத் தெரியும். நான் எத்தன தடவ சொல்லியிருக்கேன்."

"சொன்ன. கரப்பான்பிடிச்சி. பேரே கரப்பான்பிடிச்சி. ஒரு கழுகு, ஒரு கருடன்னு சொன்னாலாவது நாலு பேருக்கிட்ட சொல்லிக்கலாம்."

"முட்டைடா. மூணு முட்டை."

"எம் பெண்டாட்டி வயித்துலயும் ஒண்ணு இருக்கு." அவன் அரிவாளைச் சேற்றில் குத்தினான். "அந்தக் குருவி இன்னொரு கூடு கட்டும்கா. எனக்கு இன்னொரு வயல் யார் கட்டித் தருவா? நீ தருவியா? உன் பூஞ்சக் கண்ணாடியில பாத்து சொல்லு."

அவள் கூட்டை அங்கேயே வைத்துவிட்டுக் கொட்டகைக்குத் திரும்பினாள். அன்று எழுபது கட்டு பாக்கி இருந்தது.

புகையைப் பார்த்து எதிர்க்கரையிலிருந்து யாரோ சொல்லிவிட்டார்கள். அடுத்த வாரமே அலுவலகத்து வண்டி வந்தது. இறங்கினவள் இன்ஜினியரம்மா, சின்ன வயசு, புது ரப்பர் பூட்ஸ். எரிந்த இடத்தை அளந்தாள், படம் எடுத்தாள். பிறகு வீட்டு வாசலுக்கு வந்து எதில்மாவையே பார்த்து மரியாதையாகக் கேட்டாள்.

"அம்மா, இந்த ஏரியில உங்க காதுக்கு மிஞ்சின ஆள் இல்லன்னு எங்க ஆபீஸ்லயே சொல்லுவாங்க. இந்தப் பக்கம் கோரைக் கரப்பான்பிடிச்சி இருக்குன்னு உங்க நோட்டுல பாத்திருக்கேன். எரிஞ்ச துண்டுல கூடு வச்சிருந்துச்சா? இருந்துச்சுன்னா இது வேற கேஸ். வயல முழுக்க எடுத்துருவாங்க, அவர் உள்ள போக வேண்டி வரும். இல்லன்னா வெறும் கோரை எரிச்சதுக்கு ஒரு எச்சரிக்கை, அவ்வளவுதான். நீங்க எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. வெள்ளிக்கிழமை வாறேன்."

வண்டி போனதும் எலியேசர் வெளியே போய் விறகு பிளந்தான், தேவைக்கு மேல் பிளந்தான். எதில்மா பாலும் முட்டையும் வெங்காயத்தாளும் போட்ட கஞ்சியைக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு நுபியாவின் கட்டிலுக்குப் போனாள். நுபியா கிண்ணத்தை வாங்கவில்லை. அவள் கையைப் பிடித்தாள்.

"மதினி, நான் உங்ககிட்ட இதுவரைக்கும் எதுவும் கேட்டதில்ல."

"சாப்புடு. ஆறிரும்."

"அவரு பண்ணது தப்பு. நான் இல்லன்னு சொல்லல. அவருக்கும் தெரியும், அதான் விறகப் போட்டு அடிக்கிறாரு. ஆனா இவரு உள்ள போனா நான் என்ன பண்ணுவேன்? இந்த மூணாவதும் போயிருமேன்னு பயமா இருக்கு மதினி."

"நான் பொய் எழுதினதில்ல நுபியா. கொக்கு பறந்தா கொக்குன்னுதான் எழுதுவேன். நாலுன்னா நாலு."

"எனக்குத் தெரியும். அதனாலதான் உங்க வார்த்தைய நம்புவாங்க. பிள்ள பொறந்தா நீங்கதான் ஞானத்தாய். மாதா மேல ஆணையா."

எதில்மா கஞ்சியை ஒரு கரண்டி எடுத்து அவள் வாயருகே கொண்டுபோனாள். நுபியா அதைக் குடித்தாள். அழுதுகொண்டே கிண்ணம் முழுவதும் குடித்தாள்.

எழுதுவது கஷ்டமாக இல்லை. நோட்டுதான் கஷ்டம். வில்மரின் நோட்டில் இரண்டு வருஷமாக அந்தத் துண்டில் கரப்பான்பிடிச்சி இருந்தது, தேதியோடு, எண்ணிக்கையோடு. அக்டோபரில் அவனும் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறான்.

வியாழக்கிழமை காலை பால் வண்டி நிற்கும் இடத்துக்குப் போனாள்.

"வில்மர், நோட்டு இருக்கா? ஒரு திருத்தம் போடணும்."

"என்னக்கா?"

"எங்க தம்பி வயலோரம் கோரைக் கரப்பான்பிடிச்சின்னு எழுதினோம்ல. அது அது இல்ல. சாதா கரப்பான்பிடிச்சி. வீட்டுச் சுவருல இருக்குமே, அதான். நான் தப்பாச் சொல்லிட்டேன்."

வில்மர் கேனை இறக்கி வைத்தான். "ரெண்டு வருஷமாவா?"

"ரெண்டு வருஷமாத்தான். ரெண்டு பேரும் பங்காளிங்க, சத்தம் கிட்டக்கிட்ட இருக்கும். சாதாவுக்குக் கடைசியில ஒரு குழைவு வரும். போன வாரந்தான் நிதானமாக் கேட்டேன். கோரைல இருக்குறது தகரத்துல கொட்டையக் குலுக்குற மாதிரி இருக்கும். அங்க இருந்தது அது இல்ல."

இவ்வளவு விவரமாகப் பொய் சொல்ல வரும் என்று அவளுக்கே அதுவரை தெரியாது. வில்மர் அவள் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தான். அப்புறம் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, வண்டியின் முன்பக்கத்தில் நோட்டை வைத்து, ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி ஒவ்வொரு வரியாக அடித்தான்.

"நீ சொன்னா சரிதான்கா. எனக்கு என்ன தெரியும். உன் காத நம்பித்தான நான் எழுதுறேன்."

வெள்ளிக்கிழமை இன்ஜினியரம்மா காகிதத்தை வாங்கிப் படித்தாள். கல் சிலுவைக்கும் வாய்க்கால் முகத்துக்கும் நடுவில் கோரைக் கரப்பான்பிடிச்சி கடந்த இரண்டு வருஷமாகக் காணப்படவில்லை, நோட்டில் முன்பு எழுதியது சாதா கரப்பான்பிடிச்சியைத் தப்பாக எழுதியது என்று இருந்தது. "அப்பாடா" என்றாள் அவள். உண்மையாகவே நிம்மதிப்பட்டாள்.

எலியேசர் எரிந்த துண்டில் வெங்காயம் நட்டான். நன்றாக வந்தது. ஜூனில் பெண்பிள்ளை பிறந்தது, உயிரோடு, வாய் கிழியக் கத்திக்கொண்டு. லுஸ்தாரி என்று பேர் வைத்தார்கள். ஞானஸ்நானத்தைக் கிறிஸ்துமஸுக்கு வைத்துக்கொள்ளலாம் என்று தள்ளிப் போட்டார்கள். கொட்டகையிலிருந்து வந்ததும் எதில்மா வெந்நீரில் சோப்புப் போட்டு மூன்று முறை கை கழுவிவிட்டுத்தான் பிள்ளையைத் தூக்குவாள். அப்படியும் வெங்காய வாடை போகாது. பிள்ளை அவள் விரலைச் சப்பிவிட்டு முகத்தைச் சுளிக்கும். அதைப் பார்த்து மூன்று பேரும் சிரிப்பார்கள். அந்த நாலு மாதம் அந்த வீட்டில் சந்தோஷம் இருந்தது. இல்லையென்று சொல்ல முடியாது.

ஞாயிற்றுக்கிழமைகளில் நடந்தாள். கீழ்வயல் அருகே வந்தால் மட்டும் நடையை எட்டிப் போடுவாள். எரியாமல் விட்ட கோரை இன்னும் ஒரு வீட்டு அகலத்துக்கு நின்றது. வில்மர் அங்கே நோட்டைத் திறப்பதில்லை.

அக்டோபரில் கல் சிலுவைக்குப் பக்கத்தில் ஒரு பலகை நட்டார்கள். தொன் லிசாந்த்ரோ அங்கே பன்னிரண்டு மரவீடும் படகுத்துறையும் கட்டப்போகிறார். அவர்தான் ஏரியில் மீன் வளர்க்கும் கூண்டுகளில் பாதிக்குச் சொந்தக்காரர். சாலை எலியேசரின் கீழ்வயல் வழியாக. பத்திரம் இல்லாத நிலம், ஏரி நிலம், அரசாங்கம் குத்தகைக்குக் கொடுத்துவிட்டது. ஆட்சேபம் உள்ளவர்கள் அலுவலகத்தில் வந்து பார்க்கலாம்.

எலியேசர் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். சாப்பாட்டு மேசையில் ஒரு நகலைப் போட்டான். உருளைக்கிழங்குத் தோல் மேல் விழுந்தது.

"படி."

எதில்மாவுக்குப் படிக்க வேண்டியிருக்கவில்லை. அவள் கையெழுத்து.

"இது இருந்ததாலதான் அனுமதி குடுத்தாங்களாம். கோரைல அந்தக் கரப்பான்பிடிச்சி இருந்திருந்தா ஒரு குச்சி நட முடியாதாம். லிசாந்த்ரோ இல்ல, ஜனாதிபதியே வந்தாலும் முடியாதாம். அந்தப் பொண்ணு சொல்லுது."

"உனக்காகத்தான எழுதுனேன்."

"யாரு இல்லன்னா? இப்ப மாத்தி எழுது."

"என்னன்னு?"

"இருக்குன்னு எழுது. மிச்சம் இருக்குற கோரைல இருக்குன்னு. இருக்கா இல்லையா?"

"நீ எரிச்சதுக்கப்புறம் நான் அங்க நின்னு கேட்டதே இல்லடா."

"அப்ப போய்க் கேளு! ஊரு சுத்திக் கேக்குற, சொந்தத் தம்பி வயலுக்குக் கேக்க மாட்டியா?"

உள்ளேயிருந்து நுபியா, "சத்தம் போடாதீங்க, பிள்ள தூங்குது" என்றாள்.

எதில்மா போனாள். ஞாயிறு மட்டுமில்லை, தினமும் விடியலில், கொட்டகைக்குப் போகுமுன் ஒரு மணி நேரம், ருவானா நனைய நின்றாள். முதல் வாரம் நாமக்கோழியும் தவளையும்தான். இரண்டாம் வாரம் மழை. மூன்றாம் வாரம் வியாழக்கிழமை, பனி இன்னும் தண்ணீரை விட்டு எழும்பாத நேரம், அவள் காலிலிருந்து பத்தடியில் ஒன்று பாடிற்று. உடனே இன்னொன்று பதில் சொன்னது. ஜோடி. ஆண் வாயில் ஒரு கோரை நாரோடு தட்டையில் ஏறி நின்று அவளைத் திட்டியது. எதில்மா அழவில்லை. எத்தனை என்று எண்ணினாள். இரண்டு. நிச்சயமாக இரண்டு.

நேரே வில்மரிடம் போனாள்.

"வில்மர், என்னோட வந்து கேளு. கேட்டுட்டுக் கூடக் கையெழுத்துப் போடு. எங்கையெழுத்து மட்டும் போதாது."

அவன் பால் அளந்துகொண்டே இருந்தான். "எதுக்குக்கா போடணும்? முன்ன சொன்னதுக்கா, இப்ப சொல்றதுக்கா?"

"முன்ன சொன்னது பொய்."

"தெரியும்." அவன் நிமிர்ந்தான். "ஊருக்கே தெரியும். நீ எங்கிட்ட வந்து, 'வில்மர், தம்பி மாட்டிக்குவான், அடிச்சிரு'ன்னு சொல்லியிருந்தா அடிச்சிருப்பேன். சத்தியமா அடிச்சிருப்பேன். நீ என்ன பண்ண? குழைவு, கொட்டை, தகரம்னு எனக்குப் பாடம் எடுத்த. நான் வீட்டுக்குப் போயி அதப் பாடமா எழுதி வச்சேன்கா. ஆறு மாசம் அத வச்சுக்கிட்டுச் சுவருல இருக்குற குருவிகிட்ட எல்லாம் குழைவு தேடிக்கிட்டுத் திரிஞ்சேன்."

அவன் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

தனியாகவே சோகமோசோவுக்குப் பஸ் ஏறினாள். இன்ஜினியரம்மா அவளை உட்காரச் சொன்னாள். இந்த முறை அம்மா என்று சொல்லவில்லை.

"இது உங்க கையெழுத்து. இதுவும் உங்க கையெழுத்து. நான் எத நம்பணும்?"

"ரெண்டாவது."

"ஏன்?"

"மொதல்ல எழுதினப்போ எனக்குக் காப்பாத்த ஆள் இருந்துச்சு."

"இப்பவும் அதே ஆளோட வயலுதான?"

அந்தப் பெண் வெகுநேரம் காகிதங்களை அடுக்கினாள். பிறகு, "நானே வந்து பாக்குறேன். திங்கக்கிழமை, காலைல ஆறு மணிக்கு. நான் பாத்தா எழுதுறேன். இல்லன்னா இல்ல" என்றாள். எதில்மா அவள் கையைப் பிடித்து நன்றி சொன்னாள்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது எலியேசர் பெரிதாகச் சந்தோஷப்படவில்லை. "திங்கக்கிழமையா" என்றான். "சரி" என்றான். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனான். நுபியா எதில்மாவின் முகத்தைப் பார்க்காமல் அரேப்பா ரொட்டி மாவைத் திரும்பத் திரும்பப் பிசைந்தாள்.

திங்கள் காலை எதில்மா சாலைமுனையில் காத்திருந்து இன்ஜினியரம்மாவைக் கூட்டிக்கொண்டு இறங்கினாள். வழியில் ஆள்காட்டி கத்திற்று. சிலுவையைத் தாண்டியதும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஏரி தெரியக்கூடாத இடத்தில் ஏரி தெரிந்தது.

கோரை இல்லை. அடியோடு அறுத்துக் கிடந்தது, வெட்டு வாய் இன்னும் ஈரமாக. கடைசிக் கற்றையைத் தோளில் போட்டுக்கொண்டு எலியேசர் சேற்றில் நின்றான். அவன் மேல் தொன் லிசாந்த்ரோவின் ஆட்கள் போடும் நீலச் சட்டை. புதிது, மடிப்புக்கூடக் கலையவில்லை.

"அவரு மரவீட்டுக்குக் காவல் வேலை தாறாரு" என்று அக்காவிடம் சொன்னான். பக்கத்தில் ஆள் நிற்பதைப் பார்க்காதவன் போலச் சொன்னான். "மாசச் சம்பளம். நுபியாவுக்கு ஆஸ்பத்திரிச் சீட்டு. பனி எரிக்காத சம்பளம்கா. நீ கொட்டகைல இருக்கும்போது போன வாரமே வீட்டுக்கு வந்து பேசிட்டுப் போனாரு, சனிக்கிழமை திரும்ப வந்தாரு. இது மட்டும் திங்கக்கிழமைக்குள்ள சுத்தமா இருக்கணும்னாரு."

"என்னப் போய்க் கேளுன்னு நீதானடா சொன்ன. மூணு வாரம் நின்னேனே."

"அப்ப இந்த வேலை இல்ல."

"இங்க ஜோடி இருந்துச்சு. கூடு கட்டுச்சு."

"எங்க? நான் ஒண்ணும் பாக்கல." அவன் கற்றையைக் கீழே போட்டான். "நீதான எழுதிக் குடுத்த, இங்க ஒண்ணும் இல்லன்னு."

இன்ஜினியரம்மா படம் எடுத்தாள். பையிலிருந்து படிவத்தை எடுத்தாள். எடுத்தவள் எதில்மாவிடம் திரும்பி, தாழ்ந்த குரலில், "வெட்டினது யாருன்னு எழுத ஒரு சாட்சி வேணும். அவரக் கேட்டா அவரு சொல்ல மாட்டாரு. நீங்க சொல்றீங்களா? கட்டாயம் இல்ல" என்றாள்.

எலியேசர் அக்காவைப் பார்த்தான். பயந்த பார்வை இல்லை அது. அவள் சொல்ல மாட்டாள் என்று நிச்சயமாகத் தெரிந்த பார்வை.

"எழுதிக்குங்க" என்றாள் எதில்மா. "எலியேசர் சுவாக்கா பிரேசியாதோ. என் தம்பி. பிப்ரவரில எரிச்சதும் அவன்தான், அப்ப அதுல மூணு முட்டையோட கூடு இருந்துச்சு. அத மறைச்சது நான். என் பேரையும் எழுதிக்குங்க."

கையெழுத்துப் போட்டாள். அன்றைக்குக் கொட்டகைக்குத் தாமதமாகப் போனாள்.

அதனால் பெரிதாக ஒன்றும் நடந்துவிடவில்லை. எலியேசரை இரண்டு முறை அழைத்து விசாரித்தார்கள், கூட்டுக்குச் சொல் மாற்றின எதில்மாவைத் தவிர வேறு சாட்சி இல்லை என்று விட்டுவிட்டார்கள். தொன் லிசாந்த்ரோ தான் யாரையும் வெட்டச் சொல்லவில்லை என்று எழுதிக் கொடுத்து, கேஸில் மாட்டின ஆள் வேண்டாம் என்று வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். நீலச் சட்டையையும் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். கோரை இல்லாத இடத்தில் கோரைப் பறவைக்கு என்ன பாதுகாப்பு என்று அலுவலகத்தில் மேலே இருப்பவர்கள் கேட்டார்கள். மரவீடு பன்னிரண்டும் எழும்பின. கீழ்வயல் மேல் சாலை போயிற்று.

எதில்மாவின் துணிமணியை நுபியாவே மூட்டை கட்டி வாசலில் வைத்தாள். ஒழுங்காக மடித்துத்தான் வைத்திருந்தாள். "மதினி, நீங்க நல்லவங்க" என்றாள். "நல்லவங்களோட எங்களால குடியிருக்க முடியாது." லுஸ்தாரியின் ஞானஸ்நானம் கிறிஸ்துமஸுக்கு நடந்தது. ஞானத்தாயாக நின்றவள் நுபியாவின் சித்தி மகள், துன்ஹாவிலிருந்து வந்தவள்.

அமிந்தா மருந்துக்கடைக்குப் பின்னால், பெட்டி அடுக்கும் அறையில் எதில்மாவுக்கு ஒரு கட்டில் போட்டுக் கொடுத்தாள். உரிக்கும் வேலை போகவில்லை, அதற்கு நல்லவள் கெட்டவள் கிடையாது. கொட்டகைக்குப் போகும் வழியில் எலியேசர் எதிரே வந்தால் சாலையின் அந்தப் பக்கம் போய்விடுவான். இப்போது அவன் அடுத்தவன் வயலில் கூலிக்கு நட்டுக்கொண்டிருந்தான்.

ஜனவரி முதல் ஞாயிறு அமிந்தா அவளை விடாமல் இழுத்துக்கொண்டு போனாள். சிற்றாலயத்து வாசலில் வில்மர் நோட்டோடு நின்றான். வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. மூன்று பேரும் நடந்தார்கள். வெயில் நன்றாக அடித்தது, பனியே இல்லை. கரையோரப் புல்லில், கண்ணுள்ள எவனுக்கும் தெரிகிற தூரத்தில், ஆள்காட்டிகள் மேய்ந்துகொண்டிருந்தன.

"ஆள்காட்டி மூணு" என்றாள் எதில்மா.

வில்மர் பேனாவை நோட்டில் வைத்தான். எழுதாமல் நிமிர்ந்து, புல்லைப் பார்த்தான், பிறகு அமிந்தாவைப் பார்த்தான்.

"மூணுதானாக்கா?" என்று அவளிடம் கேட்டான்.

அமிந்தா கையை நெற்றிக்கு வைத்து, கண்ணைச் சுருக்கி, ஒன்று, இரண்டு, மூன்று என்று விரல் விட்டு எண்ணி, "ஆமா, மூணுதான்" என்றாள். வில்மர் எழுதிக்கொண்டான்.